பெயர் ஒன்று, மரம் மூன்று: வாசல் செரிக்கு 20 குறிப்புகள்

சீனா, கொரியா மலைச்சரிவுகளில் ஒரு காட்டுச் செரி உண்டு. இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு வளரும் புதர். குளிர்காலம் முழுக்க மொட்டைக் குச்சியாக நிற்கும். வசந்தம் பிறந்ததும், இலை சரியாக விரிவதற்கு முன்பே, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் குச்சி தெரியாமல் பூத்துவிடும். சீனர்களுக்கு அது 'யூ லீ', ஜப்பானியர்களுக்கு 'நிவாவுமே'. கைப்பேசியில் அந்தப் படம் வந்தால் போதும், "நம்ம வீட்டுல வச்சா வருமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

இங்கே வராது. ஆனால் எங்கள் தாசேக் கெலுகோரில் செரிக்குப் பஞ்சமில்லை. வேலியோரம் தானாக முளைக்கும் கம்போங் செரி, பூந்தொட்டியில் காய்க்கும் பார்படோஸ் செரி, சாலையோரம் 'மலேசிய சக்குரா' என்று படம் பிடிக்கப்படும் தெக்கோமா. மூன்றுமே அந்த மலைச் செரிக்குச் சொந்தமில்லை, பெயரில் மட்டும்தான் உறவு. 'தாசேக்' என்றால் ஏரி. 'கெலுகோர்', மீன் குழம்புக்குப் போடும் ஆசாம் கெப்பிங் தரும் மரத்தின் பெயர். ஊர்ப்பெயரிலேயே மரத்தை வைத்திருப்பவர்கள், வாசலில் நிற்கும் மரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாமே!

1. 'சக்குரா விதை', 'செரி பிளாசம் கன்று' என்று இணையத்தில் விற்பதைப் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். அசல் செரி இனங்கள் மொட்டு அவிழ வேண்டுமானால், 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரில் நூற்றுக்கணக்கான மணி நேரம் தூங்கி எழ வேண்டும். நம் ஊரில் விடியற்காலையிலேயே 24 டிகிரி. 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலையில்கூட அந்தக் குளிர் கிடையாது. ஐஸ் பெட்டியில் விதையை வைத்து முளைக்க வைத்தவர்கள் உண்டு. ஆனால் முளைத்த செடியை ஒவ்வொரு வருடமும் ஐஸ் பெட்டிக்குள் வைக்க முடியாது.

2. வேலியோரம் நிற்பது கம்போங் செரிதானா என்று பார்க்க ஒரு கிளையைத் தூக்குங்கள். இலை இரு பக்கமும் பூனைமயிரோடு கையில் லேசாக ஒட்டும். விளிம்பில் ரம்பப் பல் இருக்கும். காம்பு சேருமிடத்தில் இலையின் ஒரு பாதி ஏறியும் மறு பாதி இறங்கியும் கோணலாக இருக்கும். பூவுக்கு ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம். காலையில் இலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் பூவின் இதழ்கள் அன்று மாலைக்குள் உதிர்ந்துவிடும். பிஞ்சு பிடித்ததும் காம்பு வளைந்து இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் பெரியவர்கள் மேலிருந்து பார்த்துவிட்டு "பழமே இல்லை" என்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளோ பை நிறையப் பறித்துக்கொண்டு போவார்கள்.

3. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரிடம் 'கம்போங் செரி' என்றால் விழிப்பார்கள். 'தேன்பழம்' என்று சொல்லுங்கள், சிலருக்கு அது 'சர்க்கரைப் பழம்'. இலங்கைத் தமிழரிடம் 'ஜாம் பழம்'. மலாய்க்காரப் பக்கத்து வீட்டாருக்கு 'கெருக்குப் சியாம்' என்றாலும் புரியும், 'பூவா செரி' என்றாலும் புரியும். பெயரில் சியாம் இருந்தாலும் மரத்தின் பூர்வீகம் மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்கா வரையிலான வெப்பப் பகுதி.

4. கம்போங் செரி நடுவதென்றால் வீட்டுச் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளி நடுங்கள். மரம் 7 முதல் 12 மீட்டர் வரை போகும், கிளைகள் குடைபோல் பக்கவாட்டில் நீளும். வெயில் சுடும் மேற்குப் பக்கம் வைத்தால் மாலை நேரத்தில் வராந்தா குளிர்ச்சியாக இருக்கும். சாக்கடைச் சுவர் வெடிப்பில் தானாக முளைத்த கன்றை விரல் உயரத்திலேயே பிடுங்கிவிடுங்கள். அடுத்த வருடம் அதே வெடிப்பில் கைவிட முடியாது, கடப்பாரைதான் விட வேண்டும்.

5. விதை எடுக்க எளிய வழி: நன்கு பழுத்த பத்துப் பழத்தை ஒரு கிண்ணம் நீரில் பிசையுங்கள். ஒரு பழத்திலேயே ஆயிரக்கணக்கில் விதை இருக்கும், மணல் துகளைவிடச் சிறியது. நீரை நான்கைந்து முறை மாற்றி, சதை போனபின் அடியில் தங்குவதை நிழலில் உலர்த்துங்கள். ஈர மண்ணின் மேல் தூவினால் போதும். மண்ணைப் போட்டு மூட வேண்டாம், விதைக்கு வெளிச்சம் வேண்டும். நல்ல மண்ணில் ஒன்றரை முதல் இரண்டு வருடத்தில் காய்த்துவிடும்.

6. வருடத்துக்கு இரண்டு முறை கிளை கழியுங்கள். இதன் மரம் இலேசானது. பெருங்காற்றோடு மழை வந்தால் நீண்ட கிளை முறிந்து கூரையில் விழும். உச்சியை மூன்று, நான்கு மீட்டரில் நிறுத்தி வைத்தால் பழமும் கைக்கு எட்டும். மின்கம்பியைத் தொடும் கிளையில் மட்டும் பாராங்கை வைக்காதீர்கள், டி.என்.பி.யின் 15454 எண்ணுக்கு அழையுங்கள்.

7. மரத்தையே வெட்ட நினைத்தால் முதலில் அளவு நாடாவை எடுங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர் ஆட்சி மன்றத்தின் அனுமதி தேவைப்படும். பட்டுப்போன மரம், விழும் நிலையில் உள்ள மரம் என்றால் விலக்கு உண்டு. வேலிக்கு வெளியே சாலையோரம் நிற்பது உங்கள் வீட்டு மரம் அல்ல. செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் சொல்லுங்கள்.

8. செரி இலையும் பூக்காம்பும் வருடம் முழுக்க உதிரும். கூரைத் தண்ணீர்த் தகரத்தில் அவை அடைத்து, இரண்டு அங்குல நீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே பிரசவ அறை. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். எனவே வாரம் ஒரு நாள், பத்து நிமிடம், ஏணி, கையுறை. ஞாயிறு காலைக் காப்பிக்கு முன்னால் முடித்துவிடலாம். உங்கள் வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அபராதக் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும், மரத்தின் பெயருக்கு வராது.

9. நிழல் இருக்கிறதே என்று காரை இந்த மரத்தடியில் நிறுத்தாதீர்கள். பகலில் பறவை, இரவில் வௌவால், இரண்டும் தின்ற இடத்திலேயே எச்சமிடும். கறை பட்டுவிட்டால் காய்ந்த துணியால் தேய்க்க வேண்டாம், விதைத் துகள் சாயத்தைக் கீறும். ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு வையுங்கள், ஊறியபின் ஒற்றி எடுங்கள்.

10. வீட்டில் மாவும் கொய்யாவும் இருந்தால் செரியடியில் விழும் பழத்தைத் தினமும் கூட்டுங்கள். மாம்பழத்தைக் குடையும் அதே பழ ஈ கம்போங் செரியிலும் முட்டையிடும். செரியில் பெருகி மாவுக்குப் போகும். கூட்டிய பழத்தை அப்படியே குப்பைக்குழியில் போட்டால் புழு தப்பித்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, இரண்டு நாள் வெயிலில் வைத்தபின் எறியுங்கள்.

11. பல் பட்ட பழம், பாதி கடித்த பழம், தரையில் கிடக்கும் பழம், மூன்றும் பிள்ளைகளுக்கு வேண்டாம். 1998, 1999-இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பரவிய நிப்பா காய்ச்சலை மறந்திருக்க மாட்டீர்கள். 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்தார்கள். அந்தக் கிருமி பெரிய பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் வந்தது. நம் செரிக்கு இரவில் வருவது பெரும்பாலும் சிறிய வௌவால்கள்தாம். ஆனாலும் எச்சில் பழத்தை ஒதுக்குவது நல்ல பழக்கம். மரத்திலிருந்து முழுதாகப் பறித்ததையும் ஓடும் நீரில் கழுவியே தாருங்கள். அடிபட்டுக் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள்.

12. பறிக்க ஏற்ற நேரம் காலை. சிவந்த பழத்தைப் பிடித்து இழுக்காமல் லேசாகத் தட்டினாலே கையில் விழும். வெளுத்த இளஞ்சிவப்பில் இருப்பதை இன்னும் ஒரு நாள் விடுங்கள். தோல் மெல்லியது, ஒன்றின் மேல் ஒன்று குவித்தால் நசுங்கிப் புளித்துவிடும். அகலத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஐஸ் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உறையவைத்துப் பிறகு ஐஸ் கச்சாங் மேல் போடலாம்.

13. ஜாம் காய்ச்சுவது எப்படி? நான் முதல் முறை செய்தபோது பழத்தையும் சீனியையும் மட்டும் போட்டேன். முக்கால் மணி நேரம் கிண்டியும் பாகு பாகாகவே இருந்தது, தித்திப்பு வேறு தொண்டையை அடைத்தது. குறை பழத்தில்தான்: கம்போங் செரியில் புளிப்பே கிடையாது, புளிப்பில்லாமல் ஜாம் இறுகாது. இப்போது செய்வது இப்படி. அரை கிலோ பழத்தைக் காம்பு நீக்கிக் கையால் மசித்து, பாதி பழுத்த கொய்யா ஒன்றைத் துருவிச் சேர்ப்பேன். 200 கிராம் சீனி, ஒரு துண்டு ஆசாம் கெப்பிங் போட்டு நடுத்தர நெருப்பில் வைப்பேன். கொதித்துப் பத்து நிமிடத்தில் ஆசாம் துண்டை எடுத்துவிட்டு, நான்கைந்து லீமாவ் கஸ்தூரியைப் பிழிவேன். ஒரு சிறு தட்டை முன்கூட்டியே ஐஸில் வைத்திருப்பேன். அதில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கலாம். தண்ணீராக ஓடினால் இன்னும் ஐந்து நிமிடம். விதையை வடிகட்ட வேண்டியதில்லை, அத்திப்பழ ஜாம் போல நறநறவென்று இருக்கும். கொதிநீரில் கழுவிக் காயவைத்த போத்தலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து மூன்று வாரத்துக்குள் முடியுங்கள். சீனி குறைவு என்பதால் வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

14. செரி இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்கும், மூட்டுவலி போகும் என்று சொல்பவர்கள் எல்லாத் தாமானிலும் இருக்கிறார்கள். ஆசைக்கு ஒரு குவளை குடிப்பது வேறு, அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது வேறு. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் கிளினிக்கில் சொல்லிவிட்டே குடியுங்கள்.

15. கழித்த கிளையை எறியாதீர்கள். செரி விறகு சீக்கிரம் காயும், சட்டென்று பற்றும், நல்ல சூட்டோடு எரியும், புகை குறைவு. நவம்பரில் கழிப்பதை முழ நீளத்துக்கு வெட்டி, மழை படாமல் தாழ்வாரத்தில் அடுக்கிவிட்டால் ஜனவரியில் பொங்கல் அடுப்புக்கு ஆயிற்று. பால் பொங்கும் நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பச்சைக் கிளையின் பட்டை நார் நாராக உரியும். பாகற்கொடி, அவரைக்கொடி கட்ட அதுவே கயிறு.

16. இடமில்லாத மாடிவீட்டுக்காரர்களுக்குப் பார்படோஸ் செரி. சிறு செடி, சுருங்கிய ஓரமுள்ள இளஞ்சிவப்புப் பூ, மூன்று கோடு விழுந்த பளபளப்பான சிவப்புப் பழம், உள்ளே மூன்று விதை. 16 அங்குலத் தொட்டியும் முழு வெயிலும் போதும். பூக்கவில்லையா? ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் துவளும் நேரத்தில் நன்றாக ஊற்றுங்கள். வறட்சிக்குப் பிறகு வரும் மழையென்று எண்ணிப் பூத்துவிடும். பூத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழம். தளிரில் கண்ணுக்குத் தெரியாத சுணை இருக்கும், தோல் அரிப்பவர்கள் கையுறை போடுங்கள்.

17. பார்படோஸ் செரியின் பெருமை வைட்டமின் சி. ஆரஞ்சில் 100 கிராமுக்குச் சுமார் 50 மில்லிகிராம் என்றால், இதில் ஆயிரத்தைத் தாண்டும். அதிலும் நன்கு கனிந்ததைவிட இளஞ்சிவப்புக் காயில்தான் அதிகம். ஆகவே நாளுக்கு இரண்டு, மூன்று பழமே தாராளம். காய்ச்சினால் சத்து போய்விடும், அப்படியே தின்னுங்கள். பறித்து இரண்டு, மூன்று நாளில் அழுகும் என்பதால் மீதியை அன்றே உறையவையுங்கள். சிறுநீரகக் கல் தொல்லை இருப்பவர்கள் இதை டம்ளர் டம்ளராகக் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

18. டிசம்பர், ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்தும், நடு வருடத்தில் அமெரிக்காவிலிருந்தும் அசல் செரி கடைக்கு வரும். காம்பு பச்சையாக இருக்கும் பெட்டியை எடுங்கள், காம்பு காய்ந்திருந்தால் பழம் பழையது. கழுவாமல் வைத்து, தின்னும்போது கழுவுங்கள். பழத்தின் கொட்டையை உடைத்து அரைக்கவோ மெல்லவோ கூடாது. உள்பருப்பில் இருக்கும் ஒரு பொருள் வயிற்றில் சயனைடாக மாறும். தெரியாமல் ஒரு முழுக் கொட்டையை விழுங்கினால் பயமில்லை, அது உடையாமலே வெளியேறும். தொடக்கத்தில் சொன்ன மலைச் செரியும் இதே குடும்பம்தான். அதன் பருப்பு 'யூ லீ ரென்' என்ற பெயரில் மலச்சிக்கலுக்குச் சீன மருந்துக்கடையில் கிடைக்கும். அதை நீங்களாக வாங்கிக் காய்ச்ச வேண்டாம், கர்ப்பிணிகள் பக்கமே போக வேண்டாம். அந்தப் புதர் நம் ஊருக்கு வருவது இந்தப் பொட்டலமாகத்தான்!

19. தமிழ்நாட்டுக்குப் போனால் பன்னின் மேலும் கேக்கின் மேலும் ஒட்டியிருக்கும் சிவப்புச் 'செரி'யைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அது களாக்காய், கொட்டை நீக்கிப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றியது. சாயம் ஒவ்வாத பிள்ளை வீட்டில் இருந்தால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். களாக்காயே கிடைத்தால் சாயமில்லாமல் ஊறுகாய் போடுவது உத்தமம்.

20. பட்டர்வொர்த்திலும் ஜோர்ஜ் டவுனிலும் சாலையோரம் பூத்துக் கொட்டும் தெக்கோமாவை வீட்டில் வைக்க ஆசைப்பட்டால் இரண்டு விஷயம். ஒன்று, நர்சரியில் வெறுமனே 'தெக்கோமா' என்று கேட்டால் மஞ்சள் பூக்கும் சிறு செடியைத் தந்துவிடுவார்கள், இளஞ்சிவப்புப் பூ மரம் என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டு, அது மூன்று மாடி உயரத்துக்குப் போகும், சிறிய வாசலுக்கு ஆகாது. வறண்ட நாள்களுக்குப் பிறகு ஒரு மழை பெய்தால் ஒரே வாரத்தில் பூத்து உதிரும். உதிர்ந்த பூவைக் காலை ஏழு மணிக்குள் பொறுக்கி, அகன்ற பாத்திரத்தில் நீரூற்றி மிதக்கவிட்டால் மாலை விளக்கேற்றும் வரை வாடாது. சக்குரா பார்க்க ஜப்பானுக்கு டிக்கெட் எடுக்கும் முன் இதை ஒரு முறை செய்து பாருங்கள்.

எண்ணில் அடங்காத ஒரு குறிப்பு, இது வேண்டுகோள். கம்போங் செரியைக் கழிக்கும்போது சாலைப் பக்கம் தாழ்ந்திருக்கும் ஒரு கிளையை மட்டும் விட்டுவிடுங்கள். பழம் இலைக்கு அடியில்தான் இருக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் கை அந்த உயரத்துக்குத்தான் எட்டும்.